மேலிடத்து உத்தரவும் கேப்டன் லிட்டிலின் 8,504 டாலரும்

1799 டிசம்பர் 2. அன்று ஹைட்டி பிரெஞ்சுக் காலனி; அதன் பெயர் செயின்ட் டொமிங். அந்தத் தீவுக்கு அருகே பாஸ்டன், ஜெனரல் கிரீன் என்ற இரண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஒரு சிறிய வணிகக் கப்பலைத் துரத்தின. பிடிபடுவதற்குள் அந்தக் கப்பலின் தலைவர் பயண நாட்பதிவேட்டையும் வேறு சில தாள்களையும் கடலில் வீசிவிட்டார். கப்பலின் பெயர் ஃபிளையிங் ஃபிஷ். அதில் இருந்தவை டென்மார்க் ஆவணங்கள். பிரெஞ்சுத் துறைமுகமான ஜெரமியிலிருந்து டென்மார்க்கின் ஆளுகையில் இருந்த செயின்ட் தாமஸ் தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பாஸ்டன் கப்பலின் கேப்டன் ஜார்ஜ் லிட்டிலுக்கு அந்த ஆவணங்களில் நம்பிக்கை இல்லை. கப்பல் தலைவர் பேசிய ஆங்கிலம் அமெரிக்கர் பேசுவதைப் போலவே இருந்தது. துணைத் தலைவர் பால்டிமோர்காரர். சரக்குக்குப் பொறுப்பாக வந்தவர் பிரெஞ்சுக்காரர். போதாததற்கு ஒரு வாக்குமூலத் தாளும் கிடைத்தது. "நாங்கள் போர்ட்-ஓ-பிரின்சுக்குத்தான் கிளம்பினோம், ரிகோவின் ஆட்கள் வழிமறித்து எங்களை ஜெரமிக்குள் போகவைத்துவிட்டார்கள்" என்பது அதன் சாரம். அது பொய்யாகத் தயாரித்த தாள் என்பது பிறகு தெரிந்தது.

அந்தப் பொய்க்கு ஒரு காரணம் இருந்தது. அப்போது தீவில் தூசென் லூவெர்த்தூருக்கும் ஆந்திரே ரிகோவுக்கும் உள்நாட்டுப் போர். தூசெனின் கையில் இருந்த துறைமுகங்களோடு வணிகம் செய்ய அமெரிக்க அதிபர் ஜான் ஆடம்ஸ் 1799 ஆகஸ்ட் முதல் அனுமதி கொடுத்திருந்தார். ரிகோவின் கையில் இருந்த ஜெரமிக்கு அந்த அனுமதி கிடையாது. ஆக, இது டென்மார்க் வேடம் போட்ட அமெரிக்கக் கப்பல் என்று லிட்டில் முடிவுகட்டினார். பிடித்து பாஸ்டன் நகரத்துக்கு அனுப்பினார்.

அங்கே தொடங்கிய வழக்கு நாலு வருடத்துக்கு மேல் ஓடியது. 1804 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிடித்தது சட்ட விரோதம். லிட்டில் தன் பொறுப்பில் நட்ட ஈடு கொடுக்க வேண்டும். தொகை 8,504 டாலர். அந்நாளில் அமெரிக்கக் கடற்படைக் கேப்டனின் மாதச் சம்பளம் 100 டாலரைத் தாண்டாது. ஏழு வருடச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைத்தாலும் கணக்கு தீராது.

அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1803-ஆம் ஆண்டின் மார்பரி வழக்கிலிருந்து தொடங்குவது வழக்கம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டத்தையே நீதிமன்றம் செல்லாது என்று சொல்லலாம் என நிலைநாட்டிய வழக்கு அது. அதன் இடம் பெரியது. ஆனால் அதிபரின் அதிகாரம் எங்கே நிற்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த லிட்டில் எதிர் பாரீம் வழக்கைத்தான் (பாரீம் என்பது ஃபிளையிங் ஃபிஷ் கப்பலுக்காக வழக்காடிய தரப்பு) முதலில் கையில் கொடுப்பேன். மார்பரி கேட்டது ஒரு நியமனப் பத்திரம்; அது கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. இங்கே ஒரு படை அதிகாரி மேலிடம் சொன்னதைச் செய்தார், நீதிமன்றம் அவரிடம் பணத்தைக் கீழே வை என்றது.

போர் என்று அறிவிக்காத போர்

1794-இல் அமெரிக்கா பிரிட்டனோடு ஜே உடன்படிக்கை செய்துகொண்டது. பிரிட்டனோடு போரில் இருந்த பிரான்சுக்கு இது துரோகமாகப் பட்டது. பிரெஞ்சுக் கப்பல்கள் அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடிக்க ஆரம்பித்தன. 1797-க்குள் எண்ணிக்கை 300-ஐத் தாண்டியது. சமாதானம் பேச ஆடம்ஸ் மூன்று தூதர்களைப் பாரிசுக்கு அனுப்பினார். பேச்சைத் தொடங்கவே லஞ்சம் வேண்டும் என்று அங்கிருந்து ஆள்விட்டுக் கேட்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் அமெரிக்கா கொதித்தது.

அந்த மூன்று தூதர்களில் ஒருவர் ஜான் மார்ஷல். பின்னாளில் இந்த வழக்கில் தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதியும் அவர்தான்.

சொந்தக் கட்சிக்காரர்களில் பலர் போர் அறிவிக்கச் சொல்லி நெருக்கியும் ஆடம்ஸ் அதைக் கேட்கவில்லை. அவர் ஆட்சியின் மிக நல்ல முடிவு இது என்பது என் எண்ணம். முழுப் போருக்குப் பதிலாகக் காங்கிரஸ் துண்டு துண்டாகச் சட்டம் போட்டது. 1798 ஏப்ரலில் கடற்படைத் துறை பிறந்தது. பெஞ்சமின் ஸ்டாடர்ட் அதன் முதல் செயலாளர் ஆனார். பிரெஞ்சு ஆயுதக் கப்பல்களைப் பிடிக்கலாம் என்று ஒரு சட்டம். பிரான்சோடு வணிகம் கூடாது என்று இன்னொரு சட்டம்.

இந்த அரைகுறைப் போரின் சட்ட நிலை என்ன என்ற கேள்வி 1800-இல் பாஸ் எதிர் டிங்கி வழக்கில் வந்தது. காங்கிரஸ் முழுப் போரும் அறிவிக்கலாம். இடம், இலக்கு, காலம் ஆகியவற்றில் எல்லை வகுத்த போரும் நடத்தலாம் என்று நீதிபதி சேமுவல் சேஸ் அதில் எழுதினார். சண்டையின் எல்லையைக் காங்கிரஸ் வகுக்கலாம் என்றால் அந்தக் கோட்டைத் தாண்டுகிற அதிகாரியின் கதி என்ன? பாஸ் வழக்கு அதைத் தொடவில்லை.

ஒரே உறையில் சட்டமும் கடிதமும்

1799 பிப்ரவரி 9-ஆம் தேதிச் சட்டத்தின்படி அமெரிக்கர் எவரும் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளோடு வணிகம் செய்யக் கூடாது. மீறினால் கப்பலும் சரக்கும் பறிமுதல். மதிப்பில் பாதி அரசுக்கு, மறுபாதி தகவல் தந்து வழக்குத் தொடுத்தவருக்கு. அதன் ஐந்தாம் பிரிவுதான் கடற்படைக்கானது. சட்டத்தை மீறுவதாகச் சந்தேகப்படும் அமெரிக்கக் கப்பலை நடுக்கடலில் நிறுத்திச் சோதிக்கலாம், அது பிரெஞ்சுத் துறைமுகத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் பிடிக்கலாம் என்று போர்க்கப்பல் தலைவர்களுக்கு அதிபர் உத்தரவிடலாம்.

பிரெஞ்சுத் துறைமுகத்திலிருந்து திரும்பி வரும் கப்பலைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

மார்ச் 12 அன்று ஸ்டாடர்ட் கேப்டன்களுக்குக் கடிதம் எழுதினார். சட்டத்தின் பிரதியையும் கூடவே வைத்தார். ஐந்தாம் பிரிவை உத்தரவின் ஒரு பகுதியாகவே கொள்ளச் சொன்னார். ஆனால் கடிதம் சட்டத்தோடு நிற்கவில்லை. டென்மார்க் ஆவணமோ வேறு அந்நிய ஆவணமோ போர்த்திக்கொண்டு வரும் அமெரிக்கக் கப்பல்கள், பிரெஞ்சுத் துறைமுகத்துக்குப் போனாலும் சரி, அங்கிருந்து வந்தாலும் சரி, தப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. இந்தக் கடமைக்கு நிதானமான, பாரபட்சமில்லாத தீர்மானம் தேவைப்படும் என்றும் ஒரு வரி சேர்த்தது.

ஸ்டாடர்ட் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. போகிற கப்பலை மட்டும் பிடிக்கலாம் என்றால் ஏய்ப்பது சுலபம். செயின்ட் தாமஸ் போன்ற நடுநிலைத் தீவுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, ஓசையில்லாமல் பிரெஞ்சுத் துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டால் போதும். திரும்பும் வழியில் யாரும் தொட முடியாது. சட்டம் பலிக்க வேண்டும் என்று நினைக்கும் எந்த நிர்வாகியும் இப்படித்தான் எழுதியிருப்பார்.

ஆக, லிட்டிலுக்குக் கிடைத்த உறையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றில் காங்கிரஸ் கொடுத்த அதிகாரம், மற்றதில் அதிபரின் நிர்வாகம் அதற்குக் கொடுத்த விளக்கம். இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தைக் கடலில் இருந்த ஒரு கேப்டன் கவனித்திருக்க வேண்டுமா என்பதுதான் வழக்கு.

மூன்று நீதிமன்றங்கள்

மாவட்ட நீதிமன்றம் கப்பலையும் சரக்கையும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. கப்பல் உண்மையிலேயே டென்மார்க் நாட்டினருடையதுதான். ஆனால் நட்ட ஈடு தர மறுத்தது. பதிவேட்டை வீசியது, பொய்த் தாள், பால்டிமோர் துணைத் தலைவர் என்று சந்தேகத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்துவிட்டுப் பணமும் கேட்டால் எப்படி என்பது அந்த நீதிபதியின் நிலை. படிக்கிற யாருக்கும் முதலில் இதுதான் சரியென்று படும்.

உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். சர்க்யூட் நீதிமன்றம் வேறு வழியில் யோசித்தது. அது அமெரிக்கக் கப்பல்தானோ என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தது, சரி. ஆனால் உண்மையிலேயே அமெரிக்கக் கப்பலாக இருந்திருந்தால்? அப்போதும் அது ஜெரமியிலிருந்து வந்த கப்பல். அதை நடுக்கடலில் பிடிக்க ஐந்தாம் பிரிவு அதிகாரம் கொடுக்கவில்லை. லிட்டிலின் சந்தேகம் முழுக்க முழுக்க உண்மையாகவே இருந்தாலும் அவர் செய்தது தவறுதான். அப்படி இருக்க, வெறும் சந்தேகம் எப்படி அவரைக் காப்பாற்றும்? நட்ட ஈடாக 8,504 டாலர் கொடுக்கச் சொன்னது. வழக்கின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

உச்ச நீதிமன்றத்தில் வாதம் 1801 டிசம்பரில் நடந்தது. அப்புறம் நீதிமன்றமே கூடவில்லை. ஆடம்சுக்கு அடுத்து அதிபரான ஜெஃபர்சனின் கட்சி 1802-இல் நீதிமன்றச் சட்டத்தைத் திருத்தி அமர்வுகளின் காலத்தை மாற்றியதால் 1803 பிப்ரவரி வரை நீதிபதிகள் ஒன்றுகூட முடியவில்லை. அந்த அமர்வில் மார்பரி தீர்ப்பு வந்தது. லிட்டில் இன்னும் ஒரு வருடம் காத்திருந்தார்.

மார்ஷல் மாறிய இடம்

தீர்ப்பு சில பக்கங்கள்தான். அதை எழுதியவர் ஆடம்ஸின் வெளியுறவுச் செயலாளராக இருந்து, ஆடம்ஸின் கையால் தலைமை நீதிபதியானவர். பாரிசில் அவமானப்பட்டுத் திரும்பியவர். லிட்டிலின் மீது அவருக்கு அனுதாபம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

முதலில் காங்கிரஸ் பேசாத நிலையை எடுத்துக்கொள்கிறார். சட்டங்கள் செவ்வனே நிறைவேறப் பார்த்துக்கொள்வது அதிபரின் கடமை. படைகளுக்குத் தலைவரும் அவரே. அந்தச் சூழலில், தனிச் சட்டம் எதுவும் இல்லாமலேயே இப்படிப்பட்ட கப்பல்களைப் பிடிக்க அவர் உத்தரவிட்டிருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை என்கிறார். ஆனால் காங்கிரஸ் பேசிவிட்டது. நடுக்கடலில் பிடிக்கும் அதிகாரத்தைத் தனியே எடுத்துச் சொல்லி, போகிற கப்பலோடு நிறுத்திக்கொண்டது. இப்படித்தான் இந்தச் சட்டத்தை நடத்த வேண்டும் என்று வகுத்த பிறகு வேறு வழிக்கு இடமில்லை. நிர்வாகத்தின் விளக்கம் சட்டத்துக்கு அதிகப் பலன் தரக்கூடியது என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டு, அது காங்கிரஸ் எழுதியது அல்ல என்கிறார்.

அடுத்தது லிட்டிலின் பொறுப்பு. இங்கேதான் ஒரு தலைமை நீதிபதியிடம் அபூர்வமாகக் காண்கிற காரியத்தை மார்ஷல் செய்கிறார். தன் மனம் முதலில் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை எழுதி வைக்கிறார். அதிபரின் உத்தரவால் உரிமை பிறக்காது. ஆனாலும் கீழ்ப்படிந்தவரை நட்ட ஈட்டிலிருந்தாவது அது காப்பாற்றும் என்று நினைத்தாராம். கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவது இல்லாவிட்டால் படை என்ற ஒன்று நிற்காது. நல்ல எண்ணத்தோடு செய்த பிடிப்புக்கு உத்தரவு போட்ட அரசிடம்தான் கணக்குக் கேட்க வேண்டும், அதை நாடுகள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றும் அவருக்குத் தோன்றியிருக்கிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு, தான் நினைத்தது தவறு என்று இப்போது ஏற்பதாகவும், சக நீதிபதிகளின் கருத்துக்கு வந்துவிட்டதாகவும் எழுதுகிறார். அந்தக் கருத்து இதுதான்: உத்தரவு ஒரு செயலின் தன்மையை மாற்றாது, அது இல்லாவிட்டால் அப்பட்டமான அத்துமீறலாக இருக்கும் ஒன்றை அது சட்டபூர்வமாக ஆக்கிவிடாது.

சக நீதிபதிகள் என்ன சொல்லி அவரைத் திருப்பினார்கள் என்பது தீர்ப்பில் இல்லை. எனக்கு இதுதான் அதன் பலவீனமான பகுதி. எதிர்த்தரப்பு வாதம் முழு வலுவோடு இருக்கிறது. அதை வென்ற வாதம் ஒரே வாக்கியமாக முடிந்துவிடுகிறது.

அந்த வாதத்தை நாமே போட்டுப் பார்க்கலாம். போர் அறிவிப்பதும், கடலிலும் நிலத்திலும் பிடிபடுவன பற்றி விதி செய்வதும் காங்கிரசின் வேலை என்று அரசியலமைப்பின் முதலாம் பிரிவு, எட்டாம் உட்பிரிவு சொல்கிறது. யாருடைய சொத்தை எப்போது பிடிக்கலாம் என்பது போரையே வரவழைக்கக்கூடிய முடிவு. டென்மார்க் அந்தச் சண்டையில் நடுநிலை நாடு. அந்த முடிவை ஒரு கடிதம் விரிவாக்கலாம், விரிவாக்கியதை நம்பிச் செய்தவரையும் யாரும் கேட்க முடியாது என்று வைத்துக்கொண்டால், காங்கிரஸ் வகுத்த எல்லைக்குக் காவல் யார்? அந்நாளில் அரசின் மேல் அதன் சம்மதமில்லாமல் வழக்குப் போட முடியாது. அதிபரின் மேல் போட்டவரும் இல்லை. பாரீம் தரப்புக்குக் கைக்கு எட்டியவர் லிட்டில் ஒருவரே. அவரையும் விட்டுவிட்டால் ஐந்தாம் பிரிவு யாரையும் கட்டுப்படுத்தாத வெறும் தாள்.

அதே அமர்வில், ஐந்து நாள் முன்னால், சார்மிங் பெட்சி என்ற இன்னொரு கப்பலின் வழக்கிலும் மார்ஷல் தீர்ப்புச் சொன்னார். அங்கே பிடித்தவர் கேப்டன் அலெக்சாண்டர் மர்ரே. பிடித்தது செல்லாது, கப்பலையும் சரக்கு விற்ற பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாலும், அதற்கு மேல் நட்ட ஈடு அவர்மேல் விழவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் லிட்டில் வழக்கு இன்னும் தெளிவாகும்: நல்லெண்ணத்தோடு செய்த தவறுகளுக்கு நீதிமன்றம் இரங்கத் தயாராகவே இருந்தது, சட்டமே கொடுக்காத அதிகாரத்தைக் கையில் எடுத்ததற்கு அது இரங்கவில்லை.

லிட்டிலுக்கு என்ன ஆயிற்று

கேப்டன் லிட்டில் குறுக்கு வழிக்காரர் என்று சொல்ல இந்த வழக்கில் எதுவும் இல்லை. 1800 அக்டோபரில் இதே பாஸ்டன் கப்பலில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் பெர்சோவைச் சண்டையிட்டுப் பிடித்தவர் அவர். அப்போது பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகிச் சில நாட்கள் ஆகியிருந்தன. செய்தி கடல் தாண்டி வரவில்லை. கைதிகளின் உடைமைகளைச் சூறையாடினார்கள் என்ற புகாரில் ராணுவ நீதிமன்றத்தில் நின்று விடுதலையானார். 1801-இல் கடற்படையைச் சுருக்கியபோது வேலையும் போயிற்று. தீர்ப்பு வந்தபோது அவர் சம்பளம் இல்லாத முன்னாள் கேப்டன்.

1807 ஜனவரியில் காங்கிரஸ் லிட்டிலின் பெயரிலேயே ஒரு நிவாரணச் சட்டம் இயற்றி அந்தக் கடனை அரசுப் பணத்திலிருந்து தீர்த்தது. மர்ரேவுக்கும் 1805-இல் அப்படியே செய்திருந்தது. லிட்டில் 1809-இல் இறந்தார்.

இது அநியாயம் என்று சொல்பவர்கள் உண்டு. உத்தரவு எழுதிய ஸ்டாடர்டுக்கும் அதற்குப் பின்னால் இருந்த ஆடம்சுக்கும் ஒரு காசும் செலவில்லை; கீழே நின்ற ஆள் மூன்று வருடம் கடனாளி. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் இந்த ஏற்பாட்டின் உள்ளே ஒரு ஒழுங்கு இருந்தது. பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றம் பணம் வாங்கிக் கொடுத்தது. அதிகாரி நேர்மையாக நடந்தாரா, பொதுப்பணத்தால் அவரை மீட்கலாமா என்பதைக் காங்கிரஸ் பகிரங்கமாகப் பேசி முடிவு செய்தது. யாருடைய அதிகாரத்தை அந்த உத்தரவு மீறியதோ அதே காங்கிரஸ்.

பிறகு வந்த வழக்குகள்

நாலு வருடத்தில் ஜெஃபர்சனும் இதே சுவரில் மோதினார். 1808-இல் ஏற்றுமதித் தடைச் சட்டம் அமலில் இருந்தபோது, சந்தேகம் வந்தால் கப்பலை நிறுத்தி வைக்கச் சுங்க அதிகாரிகளுக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. சந்தேகம் யாருக்கு வர வேண்டும்? அந்தந்தத் துறைமுக அதிகாரிக்கு. ஜெஃபர்சனின் நிர்வாகமோ, உணவுச் சரக்கு ஏற்றிய கப்பல் எதையும் நிறுத்துங்கள் என்று மேலிருந்து பொதுவாகச் சுற்றறிக்கை விட்டது. சார்ல்ஸ்டன் துறைமுக வழக்கில் அதைச் செல்லாது என்றவர் வில்லியம் ஜான்சன். உச்ச நீதிமன்றத்துக்கு ஜெஃபர்சனே நியமித்த முதல் நீதிபதி அவர். அட்டர்னி ஜெனரல் சீசர் ராட்னியை வைத்து நிர்வாகம் மறுப்பு எழுதி வாங்கியது; தீர்ப்பு மாறவில்லை.

அப்புறம் 1952. கொரியப் போர் நடக்கிறது, எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரப்போகிறது. அதிபர் ட்ரூமன் ஆலைகளைக் கையகப்படுத்தினார். உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதைத் தடுத்தது. அந்த ஆறு பேரில் ஒருவரான டாம் கிளார்க் தனித் தீர்ப்பு எழுதினார். அவர் சாய்ந்து நின்றது லிட்டில் வழக்கின் மேல். பெரும் நெருக்கடியில் அதிபருக்கு விரிந்த அதிகாரம் உண்டு என்று ஒப்புக்கொண்டு, இப்படிப்பட்ட நெருக்கடிக்கென்றே காங்கிரஸ் ஒரு வழிமுறையை வகுத்திருந்தால் அதிபர் அந்த வழியில்தான் போக வேண்டும் என்றார். மார்ஷல் ஆடம்ஸிடம் வேலை பார்த்ததைப் போல கிளார்க்கும் ட்ரூமனிடம் அட்டர்னி ஜெனரலாக இருந்து, அவராலேயே நீதிபதியானவர்.

லிட்டில் தீர்ப்பின் முதல் பாதி இப்படி உயிரோடு இருக்கிறது. இரண்டாம் பாதி தேய்ந்துவிட்டது. 1982-இல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, சட்டத்தில் தெளிவாக நிலைபெற்ற உரிமையை மீறினால் ஒழிய அமெரிக்க அதிகாரிகளிடம் நட்ட ஈடு வாங்க முடியாது. லிட்டில் இன்று அந்த நீதிமன்றத்தில் நின்றால் ஸ்டாடர்டின் கடிதத்தைக் காட்டி வெளியே வந்துவிட வாய்ப்பு அதிகம். 1946 முதல் அரசின் மேல் வழக்குப் போட ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் அந்நிய நாட்டில் ஏற்பட்ட இழப்பு, போர்க்காலச் சண்டை நடவடிக்கை என்று அதில் விலக்குகள் நிறைய. ஃபிளையிங் ஃபிஷ் மாதிரி ஒரு கப்பலின் உரிமையாளர் இன்று பிடிப்பு செல்லாது என்று தீர்ப்பு வாங்கலாம். நாள்கணக்கில் முடங்கிய சரக்குக்கு யாரிடம் பணம் கேட்பது என்பதற்கு 1804-இல் இருந்த பதில் இப்போது அவருக்கு இல்லை. அதிகாரியை நீதிமன்றமே விட்டுவிடுவதால், அவரை மீட்கலாமா என்று காங்கிரஸ் கூடிப் பேச வேண்டிய தேவையும் இல்லாமல் போய்விட்டது.